தண்ணீருக்குச் சொன்ன பட்டங்கள்

வெள்ளோட்டூர் ராஜாவின் பட்டப்பெயர்களைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பானைச் சோறு வெந்துவிடும். எந்த ஆணையானாலும் அந்தப் பட்டங்கள் முழங்கிய பிறகுதான் ஊருக்குச் செய்தி தெரியும்.

ஒரு மழைநாளில் ஏரிக்கரை உடைந்தது. "ஊரை மேட்டுக்குப் போகச் சொல். என் பட்டம் ஒன்று விட்டாலும் உன் தலை போகும்!" என்று தண்டோராக்காரன் இருளாண்டியை விரட்டினார் ராஜா.

தன் பட்டங்களைக் காதால் கேட்கும் ஆசையில் பல்லக்கிலேறிப் பின்னால் வந்தவர் திகைத்துப்போனார். தெருவில் ஓர் ஆள் இல்லை. முழங்கால் தண்ணீரில் தனியாக நின்று, "சூராதிசூரர், எதிரிகளை நடுங்கவைக்கும் சிங்கம்..." என்று முழங்கிக்கொண்டிருந்தான் இருளாண்டி.

"யாருக்கடா சொல்கிறாய்?"

"'கரை உடைஞ்சிடுச்சு, மேட்டுக்கு ஓடுங்க'ன்னு முதல்ல சொன்னேன், மகாராஜா. எல்லாரும் ஓடிட்டாங்க. பட்டத்தை விடக்கூடாதே, அதான் தண்ணிக்குச் சொல்றேன். அது நடுங்கவே மாட்டேங்குது."

அதற்குள் வெள்ளம் பல்லக்குத் தூக்கிகளின் இடுப்பைத் தொட்டது. பல்லக்கு ஆடியது.

"ஓடுங்கடா!" என்று அலறினார் ராஜா.

"ஆகா! பட்டமே இல்லாம எவ்வளவு நல்லாப் புரியுது, மகாராஜா!" என்றபடி பல்லக்குக்கு முன்னால் ஓடினான் இருளாண்டி.