கம்பி எண்ணக் கண்ணாடி

அந்த ஜெயில் சூப்பிரண்டு வீரவாகுவுக்கு எதைப் பார்த்தாலும் சொகுசுதான். தலையணை சொகுசு, மின்விசிறி சொகுசு. ஆறு மாதத் தண்டனைக்கு வந்த தாசையாவின் மூக்குக் கண்ணாடியையும் வந்த அன்றே சொகுசு என்று பிடுங்கிக்கொண்டார். இப்படியும் ஒரு ஆள்! மகள் எழுதிய கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. தாசையாவால் ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை.

கண்ணாடியைக் கேட்டால், "நீ கம்பி எண்ண வந்தவன். எண்ணு, போதும்" என்பார் சூப்பிரண்டு. எத்தனை தடவை கேட்டாலும் இதே பாட்டு.

ஒருநாள் ஜெயிலைப் பார்வையிட நீதிபதி வந்தார். "ஏதாவது குறை இருக்கா?" என்று தாசையாவைக் கேட்டார்.

"ஒண்ணும் இல்லைங்கய்யா. தண்டனை முடிஞ்சுபோச்சு, வீட்டுக்கு அனுப்பிடுங்க."

"இன்னும் மூணு மாசம் இருக்குடா!" என்று கத்தினார் சூப்பிரண்டு.

"நீங்கதானேய்யா கம்பியை எண்ணச் சொன்னீங்க? கண்ணாடி இல்லாம ஒவ்வொரு கம்பியும் ரெண்டாத் தெரியுது. ஆறு மாசக் கம்பியை மூணே மாசத்துல எண்ணி முடிச்சுட்டேன்."

நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு சூப்பிரண்டைப் பார்த்தார். "கண்ணாடியைப் பிடுங்கச் சொல்லி எந்த விதியில இருக்கு? படிங்க."

சூப்பிரண்டு விதிப் புத்தகத்தைப் பிரித்தார். சட்டைப் பையிலிருந்து தன் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

"ஐயா, அந்தச் சொகுசைக் கழட்டிட்டுப் படிக்கச் சொல்லுங்க" என்றார் தாசையா.

அன்று சாயங்காலமே கண்ணாடி திரும்பி வந்தது. கடிதத்தின் முதல் வரி இதுதான்: "அப்பா, கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிங்க."