முன்பே சொல்லியாச்சு!

கருங்குன்றக் காட்டு ஓடைக்கரையில் குரங்கும் கீரியும் அணிலும் கல் அடுக்கிக்கொண்டிருந்தன. ஒரு கல்மேல் ஒரு கல், அதன்மேல் இன்னொரு கல். எதற்கு? சும்மா, ஆசைக்குத்தான்! பொழுது சாயும்வரை பசி தாகம் மறந்து மூன்றும் அதிலேயே கிடக்கும்.

கரையின் நடுவே ஏழு கல் அடுக்கு ஒன்று நின்றது. இந்த விளையாட்டைத் தொடங்கிவைத்த நீர்நாய் அடுக்கியது அது. நீர்நாய் எப்போதோ வேறு ஆற்றுக்குக் குடிபோய்விட்டது. எத்தனை வெள்ளம் வந்தும் அதன் அடுக்கு அசையவில்லை. மற்ற மூன்றும் அடுக்கியவையோ மூன்றாம் நாளே சரிந்துவிடும். “காத்து அப்படி!” என்று சொல்லிக்கொள்ளும்.

ஒருநாள் அங்கே செதிலி வந்தது. செதிலி ஓர் அழுங்கு. உடம்பெல்லாம் செதில், காலில் கூரிய நகம். புற்றைத் தோண்டி எறும்பு தின்னும். வெட்கம் வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். ஏழு கல் அடுக்கைப் பார்த்ததும் அதற்கு மனம் நிறைந்துபோனது. ‘வாழ்நாளில் இப்படி ஒன்றே ஒன்று அடுக்கிவிட வேண்டும்!’ என்று ஆசைப்பட்டது.

“குரங்கண்ணா, அடிக்கல்லை எப்படி வைக்கணும்?”

“முன்பே சொல்லியாச்சு!” என்றது குரங்கு.

“முன்பே சொல்லியாச்சு!” என்று கீரியும் அணிலும் ஒத்து ஊதின.

அந்தக் கூட்டத்தின் வழக்கம் அது. நீர்நாய் எல்லாவற்றையும் ஒருமுறை விளக்கிவிட்டதாம். சொன்னதையே மறுபடி கேட்பது பெரிய அவமானமாம்!

“இதுகூடத் தெரியாமலா கல்லைத் தூக்கிட்டு வந்தே?” என்றது கீரி.

“எறும்பு தின்ன வந்தவளுக்குக் கல்மேலே ஆசையா?” என்றது அணில்.

செதிலி சுருண்டது. மூன்றும் விழுந்து விழுந்து சிரித்தன. கொஞ்ச நேரத்தில் பந்து மெல்ல அவிழ்ந்தது. செதிலி தன் கல்லை எடுத்துக்கொண்டு ஓடையின் வளைவுக்குப் போய்த் தனியாக அடுக்கியது. சரிந்தது. மறுபடி அடுக்கியது. மறுபடி சரிந்தது. தினமும் காலையில் வந்து அதே கேள்வியைக் கேட்கும், சிரிப்பை வாங்கிக்கொண்டு சுருளும், அவிழும், வளைவுக்குப் போகும். என்ன மனசு பாருங்கள் அதற்கு!

மழைமேகம் திரண்ட ஒருநாள், தண்ணீர் குடிக்க வந்த யானையின் பின்னங்கால் பட்டு ஏழு கல்லும் சிதறின.

“ஐயோ, கவனிக்கலையே!” என்று யானை பதறியது.

புதுவெள்ளம் வருவதற்குள் நிற்கவைக்காவிட்டால் அந்தக் கற்களையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். மூன்றும் அவசர அவசரமாக அடுக்கின. ஐந்தாம் கல்லில் சரிந்தது. அடுத்த முறை நான்காம் கல்லிலேயே சரிந்தது.

“கீரி, உனக்குத்தான் தெரியுமே, சொல்லேன்!”

“அணிலுக்குத்தான் நல்லாத் தெரியும்!”

“ஏன், குரங்கண்ணன் சொல்லட்டுமே!”

சத்தம் கேட்டுச் செதிலி ஓடிவந்தது. “அண்ணா, நீர்நாய் அடிக்கல்லை எப்படித்தான் வச்சது?”

பழக்கம் விடுமா? “முன்பே சொல்லியாச்சு!” என்று மூன்றும் ஒரே குரலில் கத்தின.

“யார்கிட்ட?” என்று கேட்டது செதிலி.

அது குத்திக்காட்டக் கேட்கவில்லை. நீர்நாய் யாரிடம் சொன்னதோ அவரிடம் ஓடிப்போய்க் கேட்கலாமே என்றுதான் கேட்டது. மூன்றும் திருதிருவென்று விழித்தன.

“நான் அப்போ மரத்து மேலே இருந்தேன்” என்றது அணில். “கேட்டா சிரிப்பீங்கன்னு தலையாட்டிட்டேன்.”

“நான் வந்ததே நீர்நாய் போனப்புறம்தான்” என்றது கீரி.

குரங்கு வாலைச் சுருட்டிக்கொண்டது. “என்கிட்டதான் சொன்னது. பாதியிலே தூங்கிட்டேன். மறுபடி கேட்க வெட்கமா இருந்தது.”

செதிலி சிரிக்கவில்லை. “எனக்கும் தெரியாது. தோண்டித்தான் பார்ப்போமே!”

பழைய அடுக்கு நின்ற இடத்தில் மளமளவென்று மணலைத் தோண்டியது. நகம் ‘டக்’கென்று எதிலோ தட்டியது.

“பாறை! நாம எல்லாரும் மணல்மேலே வச்சோம். நீர்நாய் மணலைத் தோண்டிப் பாறைமேலே வச்சிருக்கு!”

நான்கும் சேர்ந்து அடுக்கின. ஏழாம் கல்லைக் குரங்கு தானாகவே செதிலியின் கையில் கொடுத்தது. அன்று மாலையே வெள்ளம் வந்தது. மூன்றாம் கல்வரை தண்ணீர் ஏறி இறங்கியது. அடுக்கு அசையவே இல்லை! செதிலி மறுபடி பந்தாகச் சுருண்டது. இந்த முறை சந்தோஷத்தில்.

வெள்ளம் வடிந்ததும் ஒரு முயல் வந்தது. “அடிக்கல்லை எப்படி வைக்கணும்?”

“முன்பே...” என்று தொடங்கிய குரங்கு நாக்கைக் கடித்துக்கொண்டது.

அதற்குள் செதிலி மணலைத் தோண்ட ஆரம்பித்திருந்தது. “வா, வா! நல்ல கேள்வி! காட்டுறேன் பார்.” அன்று முயலுக்கு, மறுநாள் ஆமைக்கு, அதற்கடுத்த நாள் மறந்துபோய் வந்த அதே முயலுக்கு என்று ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வதுபோலவே சொன்னது. குரங்கும் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த முறை தூங்காமல் கேட்டுக்கொண்டது.

கேட்பவரைச் சிரித்து விரட்டும் கூட்டத்தில், கடைசியில் தெரிந்தவர் ஒருவரும் மிஞ்சமாட்டார்.