எஞ்சினை அணைத்தவர்

வடக்கே பனிமலை ரோட்டில் ஓடும் லாரிக்காரர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. எவனும் எழுதி வைத்ததில்லை, எவனும் மீறியதும் இல்லை. குளிர்காலம் பிறந்துவிட்டால் எஞ்சினை அணைக்கக் கூடாது. சாப்பிடப் போனாலும் ஓடட்டும், தூங்கினாலும் ஓடட்டும். அணைத்தால் மறுபடி கிளம்புமா என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். கிளம்பாவிட்டால் கேபினில் சூடு இருக்காது. சூடு இல்லாவிட்டால் விடியும்போது ஆள் இருக்க மாட்டான்.

செங்கோடன் அந்தச் சட்டப்படிதான் வந்து சேர்ந்தார். சங்ககிரியில் முப்பது வருடமாக லாரிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறவர். அவருடைய முதலாளி இந்த வருடம்தான் முதன்முதலாகப் பனிமலைக்கு லோடு எடுத்திருந்தார். மொத்தம் ஒன்பது வண்டி. ஒன்பதுக்கும் பேட்டரி தேர்ந்தெடுத்து மாட்டியது செங்கோடன். ஒரு வண்டியை அண்ணன் மகன் சீரங்கன் ஓட்ட, அவரும் அதிலேயே ஏறி முன்னால் வந்துவிட்டார். மற்ற எட்டும் பின்னால் வந்துகொண்டிருந்தன.

அவர் தேடி வந்த குருவின் பெயர் முனிரத்தினம். வேலூர்ப் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் வண்டி மெக்கானிக்காக இருபது வருடம் இந்த மலையிலேயே கிடந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊர் போகாமல், ரோட்டோரமாக ஒரு பேட்டரிக் கடை போட்டு உட்கார்ந்துவிட்டார். செங்கோடனைவிடப் பதினான்கு வயது சின்னவர். இருந்தால் என்ன? இரண்டு வருடமாகப் போனிலேயே கேட்டுக் கேட்டுப் படித்த செங்கோடன், அவரை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவார்.

நேரில் பார்த்ததும் கும்பிட்டார். கையோடு சந்தேகத்தையும் கேட்டுவிட்டார்.

"பேட்டரி பெருசா ரெண்டு போடறதுங்களா, சின்னதா நாலு போடறதுங்களா வாத்தியாரே? நான் பெருசா ரெண்டுதான் போட்டிருக்கேன். ஒம்பது வண்டிக்கும் புத்தம்புதுசு. சரிதானுங்களே?"

முனிரத்தினம் உறுமிக்கொண்டிருந்த வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கேபினில் ஏறினார். எஞ்சினை அணைத்தார். சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

செங்கோடன் கேபின் படியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"அய்யய்யோ! என்னங்க பண்ணிப்போட்டீங்க!"

சீரங்கன் ஓடி வந்தான். "சார், சாவியைக் குடுங்க சார்! சூடு ஆறறதுக்குள்ள போட்டுடலாம்."

"காலையில போடலாம்" என்றார் முனிரத்தினம்.

"காலையிலயா? ராத்திரி இங்க மைனஸ் முப்பது போகும்னு நீங்கதானுங்க சொன்னீங்க!" என்றார் செங்கோடன்.

"ஆமா, சொன்னேன்."

"அப்புறம் இது எந்திரிக்குமுங்களா?"

"பேட்டரி போட்டது நீங்கண்ணே. நீங்கதான் சொல்லணும்."

செங்கோடனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏனுங்க, சங்ககிரியில நூறு தடவை போட்டுப் பார்த்தேன். தொட்டதும் எந்திரிச்சுதுங்க."

"எந்த மாசம்?"

"புரட்டாசி."

முனிரத்தினம் சிரிக்கக்கூட இல்லை. "உள்ள வாங்க, டீ ஆறுது" என்று நடந்தார்.

கடைக்குள் விறகடுப்பு கணகணவென்று எரிந்தது. கம்பளிக்கு மேல் கம்பளி கொடுத்தார் முனிரத்தினம். செங்கோடன் கண்ணை மூட வேண்டுமே! அர்த்தநாரீசுவரா, அர்த்தநாரீசுவரா என்று முனகியே பொழுதை விடியவிட்டார்.

வெயில் வந்த பிறகு முனிரத்தினம் சாவியை நீட்டினார். செங்கோடனே ஏறித் திருகினார்.

டக்.

இன்னொரு தடவை திருகினார். அந்த டக்கும் இல்லை.

சீரங்கன் எதிரில் நின்ற வேறொரு லாரியைப் பார்த்து ஓடினான், அதிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பலாம் என்று. முனிரத்தினம் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். "உறைஞ்சு கிடக்கிறதுல கரண்ட் ஏத்தினா வெடிக்கும். மூஞ்சியே போயிடும் தம்பி. மொதல்ல பேட்டரிப் பெட்டியைத் திற."

பெட்டியைத் திறந்தான். ஒரு பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. மற்றதன் பக்கவாட்டு உப்பி, மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. பிளவுக்குள் வெள்ளையாகப் பனிக்கட்டி தெரிந்தது.

செங்கோடன் குனிந்து பிளவைத் தொட்டுப் பார்த்தார். "ரெண்டும் ஒரே நாள் வாங்குனதுங்க! இது மட்டும் எப்படிங்க இப்படி?"

பிளந்த பேட்டரியிலிருந்து ஒரு மெல்லிய சிவப்பு ஒயர் கிளம்பியது. முனிரத்தினம் அதை விரலால் தூக்கிக் காட்டினார்.

"இது எங்கண்ணே போகுது?"

"பாட்டு செட்டுக்குங்க. அப்புறம் போன் சார்ஜருக்கு. பசங்க குளிர்ல கெடப்பாங்களேன்னு கரண்ட் போர்வை ஒண்ணு போட்டிருக்கேன், அதுக்கும். ரெண்டு பேட்டரியும் சேர்ந்து வண்டிக்கு இருபத்துநாலு வோல்ட். இதெல்லாம் பன்னெண்டு. அதான் ஒண்ணுலருந்து மட்டும் இழுத்தேன். எங்கூர்ல எல்லாருமே அப்படித்தானுங்க."

"உங்க ஊர்ல ஒண்ணும் ஆகாது. இங்க, சார்ஜ் நெறைஞ்ச பேட்டரி தாங்கும். இப்படி ஒயர் இழுத்துச் சார்ஜ் இறங்குனது உறைஞ்சுடும். ஒண்ணு படுத்தா இன்னொண்ணு தனியா என்ன பண்ணும்? ரெண்டு போடுங்க, நாலு போடுங்க, உங்க இஷ்டம். பாட்டுக்கும் போர்வைக்கும் வேற ஒண்ணு வைங்க. எஞ்சினை எழுப்பறதுல கை வைக்காதீங்க."

"ஒரு வாரமா ஒரு குறையும் தெரியலீங்களே!"

"அணைச்சாத்தானே தெரியும்?"

அப்போதுதான் செங்கோடனுக்கு மண்டையில் ஏறியது. எட்டு வண்டி. எட்டிலும் இதே சிவப்பு ஒயர். அவரே தன் கையால் இழுத்துவிட்டது. வண்டிக்கு இரண்டு ஆள், பதினாறு பேர்.

கடைக்குள் ஓடிப் போனை எடுத்தார். இரண்டு தடவை எண் தப்பியது. மூன்றாவது தடவை, முன்வண்டி ஓட்டும் மாதேசன் எடுத்தான்.

"எங்கடா இருக்கீங்க?"

"பதான்கோட்டுல டீ குடிக்கறோமுங்க. மலை இனிமேத்தான்." அவனுக்குப் பின்னால் பாட்டு அலறிக்கொண்டிருந்தது.

"ஏறாதீங்கடா! ஒருத்தனும் ஏறாதீங்க! நான் சொல்ற வரைக்கும் ஒரு சக்கரம் நகரக் கூடாது!"

போனை வைத்தார். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"கிளம்பாதுன்னு தெரிஞ்சுதானுங்க நேத்து அணைச்சீங்க?"

"தெரியாதுண்ணே. அந்த ஒயரையே இப்பத்தான் பார்த்தேன்."

"தெரியாமலா!" செங்கோடன் எழுந்தே விட்டார். குரல் கிறீச்சிட்டது. "ரெண்டு உசுரு வந்த வண்டிங்க அது! திரும்பக் கிளம்புமான்னு தெரியாமயே அணைச்சுப்போட்டீங்களே, இது அடுக்குமுங்களா?"

முனிரத்தினம் குனிந்து அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினார்.

"நான் அடுப்புக்குப் பக்கத்துல அணைச்சேண்ணே. நீங்க அந்த எட்டையும் எங்க அணையட்டும்னு அனுப்புனீங்க?"