பச்சைக் கழிமுகமும் பெருங்கையன் நண்டும்

ஆறு கடலில் கலக்கும் ஒரு கழிமுகத்தில் செதிலழகி என்ற மடவை மீன் தன் கூட்டத்தோடு வாழ்ந்துவந்தது. மடவைகளுக்குப் பாசிதான் சாப்பாடு. கரைச் சேற்றில் வளை தோண்டிக் குடியிருந்தது பெருங்கையன் என்ற நண்டு. அதற்கு ஒரு கை உடம்பளவு பெரிது, இன்னொன்று ரொம்பச் சின்னது. பெரிய கையைத் தூக்கி ஆட்டிக் காட்டாமல் அது யாரிடமும் பேசியதில்லை. அவ்வளவு தற்பெருமை!

அந்த வருடம் ஊர்ச் சாக்கடையெல்லாம் ஆற்றில் வந்து சேர்ந்தது. அதைக் குடித்துப் பாசி தறிகெட்டு வளர்ந்தது. தண்ணீர் முழுக்கப் பச்சைப் பசேலென்று ஆகிவிட்டது. மழையும் பெய்யவில்லை. ஆற்றில் வேகம் இல்லாததால், அலை கொண்டுவந்து குவித்த மணல் முகத்துவாரத்தையே அடைத்துக்கொண்டது.

மடவைகளுக்கோ ஒரே கொண்டாட்டம். வாயைத் திறந்தால் சாப்பாடு. இப்படி ஒரு பச்சை வேறு எந்தக் கழிமுகத்தில் உண்டு என்று செதிலழகி போவோர் வருவோரிடமெல்லாம் பீற்றிக்கொண்டது. கரையில் நின்ற நாரையும் ஆமாம் போட்டது. ஏன் போட்டது என்பது அதன் வயிற்றுக்குத்தான் தெரியும்.

பெருங்கையன் கையை ஆட்டிக்கொண்டு வந்தது. "அக்கா, வாசல் அடைபட்டுக் கிடக்குது. நீங்க உள்ள உக்காந்து விருந்து சாப்பிடுறீங்க. நாளைக்கு வெளிய எப்படிப் போவீங்க?"

"சேறு தின்னுறவனுக்குப் பச்சையோட அருமை என்ன தெரியும்?" என்றது செதிலழகி. கூட்டமே சிரித்தது.

சீக்கிரமே செதிலழகிக்குச் சினை பிடித்தது. மடவை கடலுக்குப் போய்த்தான் முட்டையிட வேண்டும். அது முகத்துவாரத்துக்கு நீந்திப் போனது. அங்கே மணல்மேடுதான் இருந்தது. திரும்பி வருவதற்குள் அதற்கு மூச்சு வாங்கியது. மண்டிப்போன பாசி செத்து, அடியில் அழுகி, தண்ணீரில் இருந்த காற்றையெல்லாம் தீர்த்துவிட்டிருந்தது. மறுநாள் விடிந்தபோது மடவைகள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து தவித்தன. நாரை அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாகக் கொத்தி விழுங்கியது.

செதிலழகி வெட்கத்தைப் பார்க்காமல் நண்டிடம் போனது. "தம்பி, நான் செத்தாலும் பரவால்ல. என் வயித்துல இருக்கிற பிள்ளைங்க கடலைப் பார்க்கணும்."

பெருங்கையன் தன் சனத்தையெல்லாம் கூப்பிட்டது. நண்டுகள் மணல்மேட்டைத் தோண்டத் தொடங்கின. பெரிய கை தோண்டுவதற்கு உதவவே இல்லை. கால்களும் சின்னக் கையும்தான் உழைத்தன. அதைப் பற்றி மட்டும் பெருங்கையன் வாயே திறக்கவில்லை.

பறிபோகும் விருந்தை எண்ணி நாரை பதறி வந்தது. "உன்னைப் பார்த்துச் சிரிச்சவங்களுக்காகவா இந்தப் பாடு படுறே?"

பெருங்கையன் நிமிர்ந்து பார்த்தது. "இது என் கழிமுகம். இங்க ஒரு மீன் மூச்சு முட்டிச் செத்தா, அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் இந்தக் கையை ஆட்டுறது?"

சொல்லிவிட்டு அது மறுபடி மணலைத் தோண்டியது. உள்ளேயிருந்து மடவைகளும் மிச்சமிருந்த பலத்தோடு வாலால் மணலைக் கலக்கின. கடல் வற்றி உள்வாங்கியிருந்த நேரம் அது. கழிமுகத் தண்ணீர் கடலைவிட உயரத்தில் நின்றது. நண்டுகள் கீறிய சிறு வாய்க்காலில் முதலில் அது கசிந்தது. பிறகு மணலை அரித்து அரித்து, மேட்டையே உடைத்துக்கொண்டு பாய்ந்தது. அழுகிய பச்சையெல்லாம் அதோடு போயிற்று. செதிலழகியும் கடலுக்குப் போனது.

"வாசலைத் திறந்தவன் எங்க கழிமுகத்து நண்டுன்னு கடல் பூராச் சொல்லுவேன்!" என்று போகிற போக்கில் அது கத்தியது. நண்டுகளுக்கு உடம்பெல்லாம் பூரித்தது.

சாக்கடை இன்னும் நின்றபாடில்லை. மணலும் சேர்ந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் அந்தக் கழிமுகத்தில் இப்போது நண்டும் மடவையும் சேர்ந்துதான் வாசலைக் காக்கின்றன. அடுத்த கழிமுகத்து மீன்கள் அதை வந்து பார்த்துவிட்டுப் போகின்றன.

வீட்டில் சேர்ந்த அழுக்கைச் செல்வம் என்று மெச்சுவது வீண் பெருமை. அதை வெளியேற்றப் பாடுபடுகிறவனுக்கே தன் வீட்டைச் சொல்லிப் பெருமைப்பட உரிமை உண்டு.