தலைவர் உதைத்த பந்து

எங்கள் கடற்கரை ஊரின் பெண்கள் கால்பந்துக் கழகத்துக்குத் தலைவர் துரைசிங்கம். ஆட்டத்துக்கு முன்னால் மைதானத்தைச் சுற்றி ஓடலாம், அவ்வளவுதான் அவர் சட்டம். மாற்று கோல்கீப்பர் பிளாரன்ஸ் மட்டும் எங்களைக் கூட்டி, உட்கார்ந்து எழுவது, மண்டியிட்டு மெல்ல முன்னால் சாய்வது என்று தொடைக்குப் பலம் சேர்க்கும் பயிற்சிகள் கொடுத்தாள்.

"குடத்துத் தண்ணியை வழியிலேயே கொட்டிட்டு வீட்டுக்குப் போவியா? சக்தியை ஆட்டத்துக்குச் சேர்த்து வை" என்று தலைவர் அதை நிறுத்தினார்.

அரையிறுதியில் எப்படியோ ஜெயித்தோம். ஆனால் பந்தைத் துரத்திய ஜெனிலாவுக்குப் பின்தொடைத் தசை கிழிந்துவிட்டது. எங்களுக்குக் கோல் போட்டுத் தந்தவள் அவள்தான்.

இறுதி ஆட்டத்தன்று, பயிற்சி கொடுக்க விடுங்கள் என்று பிளாரன்ஸ் மறுபடி கேட்டாள். தலைவர் கழுத்தில் மாலையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"அதுல பலன் உண்டுன்னு நிரூபி. ஒருத்தியையும் குனிய வைக்கக் கூடாது, விளக்கமும் பேசக் கூடாது. முடியலைன்னா வீட்டுக்குப் போயிரு."

"சரி சார். முதல் பந்தை உதைச்சுத் தொடங்கி வைக்கிறது நீங்கதானே? நான் கோல்ல நிக்கிறேன். என்னைத் தாண்டி அடிச்சிட்டீங்கன்னா போயிடறேன்."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. தலைவர் வேட்டியை மடித்துக் கட்டினார், ஓடி வந்து ஓங்கி உதைத்தார். பந்து பாதி வழியில் நின்றது. அவர் தொடையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

பிளாரன்ஸ் பந்தோடு அவர் பக்கத்தில் வந்தாள். "காலையிலிருந்து நாற்காலியிலதானே சார் இருந்தீங்க. சேர்த்து வச்ச சக்தி எங்க போச்சு?"

மைதானமே சிரித்தது. "செய்யச் சொல்லு" என்றார் தலைவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நாங்கள் மண்டியிட்டோம். ஊன்றுகோலோடு ஓரத்தில் நின்ற ஜெனிலா மட்டும் சிரிக்கவில்லை.

"இந்தப் பந்தை அரையிறுதிக்கு முன்னாடியே அவர்கிட்ட குடுத்திருக்கலாமேக்கா" என்றாள்.