ராஜாவின் பெருவிரலும் என் நாக்கும்

நான் சொல்வதில் பாதி பொய். எந்தப் பாதி என்று எனக்கே மறந்துபோய்விட்டது. ஆகவே முழுசாகவே நம்பிவிடுங்கள், வேலை மிச்சம்.

நொச்சிக்கோட்டை அரண்மனையில் நான் உண்டுபார்ப்பவனாக இருந்தேன். ராஜா வாயில் வைக்குமுன் ஒவ்வொரு பதார்த்தத்திலும் நான் ஒரு வாய் தின்ன வேண்டும். விஷம் இருந்தால் நான் சாவேன், ராஜா பிழைப்பார். என் புத்திக்கும் வீரத்துக்கும் கிடைத்த உத்தியோகம் அது. சோறு தின்ன மட்டும்தான் லாயக்கு என்று அரண்மனையே ஏகமனதாக முடிவு செய்திருந்தது.

அப்போது எங்கள் கெச்சிலப்ப மகாராஜாவுக்கு வலது கால் பெருவிரலில் வாதம். விரல் சிவந்து, வீங்கி, பிஞ்சுக் கத்தரிக்காய் மாதிரி பளபளத்தது. ஈ உட்கார்ந்தால்கூட ராஜா அலறுவார்.

வைத்தியர் மாசிலாமணிப் பண்டிதர் விரலைத் தொடாமலே பார்த்தார். "ராஜா, முடக்கத்தான் ரசம் குடியுங்க. நெருஞ்சில் கஷாயம் குடியுங்க. வாதநாராயணன் இலையை வதக்கி ஒத்தடம் கொடுக்கிறேன். தண்ணீர் குடம் குடமா இறங்கணும். ஆனா ஆட்டு ஈரல், நண்டு, கள்ளு மூணையும் விட்டாத்தான் மருந்து பிடிக்கும்."

"விடமாட்டேன்," என்றார் ராஜா. "பத்தாம் நாள் என் மகள் கல்யாணம். கோட்டை வாசல் வரைக்கும் நடந்து போய்ச் சம்பந்தியை அழைக்கணும். நொண்டிக்கிட்டுப் போனா அந்த ஆள் ஏழு தலைமுறைக்குச் சொல்லிச் சிரிப்பான். அதுக்குள்ளே குணமாகணும். என் இலையிலே ஈரலும் நண்டும் குறையவும் கூடாது, பக்கத்திலே கள்ளு மொந்தை இருந்தே ஆகணும். இல்லேன்னா பண்டிதரே, பெண்டாட்டி பிள்ளையோட எல்லையைத் தாண்டிடும்."

பண்டிதர் நேராக என்னிடம் வந்தார். அறுபது வயது மனுஷன், என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பா பூவலிங்கம், நீ ராஜா பக்கத்திலே உட்கார்ந்து தின்கிறவன். ஏதாச்சும் பண்ணேன்!"

"எனக்குத் தின்னத்தானே தெரியும், சாமி?" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அது போதுமே!

மறுநாள் மத்தியானம். இலையில் ஈரல் வறுவல் கமகமத்தது. ஒரு துண்டை வாயில் போட்டேன். தேன்! மனசைக் கல்லாக்கிக்கொண்டு, பெருவிரலைப் பிடித்துக்கொண்டு உருண்டேன்.

"ஐயோ, கால்!"

ராஜாவின் கை பாதியில் நின்றது. "என்னடா?"

"ஈரல் ஆகலை ராஜா! விரலுக்குள்ளே யாரோ ஆணி அடிக்கிறாங்க!"

"நேத்து வரைக்கும் நல்லாத்தானேடா தின்னே?"

"நேத்து வரைக்கும் தாங்கிச்சு, ராஜா."

எங்கள் அரண்மனையில் ஒரு சட்டம். ராஜாவின் பாட்டனார் போட்டது. உண்டுபார்ப்பவனுக்கு எது ஆகவில்லையோ, அதை ராஜா தொடக் கூடாது; அவனே கொண்டுபோய்க் கோட்டைக்கு வெளியே குழியில் கொட்டிவிட வேண்டும். பட்டம் கட்டும்போது வாள்மேல் கைவைத்துச் செய்யும் சத்தியங்களில் அதுவும் ஒன்று.

ராஜா பல்லைக் கடித்தார். "உன்னை மாத்திட்டு வேற ஆளைப் போடறேன்!"

"போடலாம், ராஜா. ஆனா உண்டுபார்க்கிறவன் செத்தாத்தான் வேற ஆள்னு தாத்தா எழுதியிருக்காரே."

ராஜா வாளை எடுக்க எழுந்தார். கால் தரையில் பட்டது. அலறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு என் உயிரைக் காப்பாற்றியது அவருடைய பெருவிரல்தான்.

அடுத்து நண்டு. "ஐயோ, கால்!" கள்ளு. "ஐயோ, ரெண்டு காலும்!" கடைசியாக முடக்கத்தான் ரசம் ஒரு மடக்கு. கசப்பு நாக்கைப் பிடித்து இழுத்தது. ஆனாலும் துள்ளி எழுந்து, ஒற்றைக் காலில் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். "அமிர்தம், ராஜா! சாப்பிடுங்க!"

ஒன்பது நாளும் இதே கூத்து. ராஜாவின் கட்டளைப்படி ஈரல் இலைக்கு வந்தது, நண்டு வந்தது, கள்ளும் வந்தது. வந்த வழியே போனது. பசி பொறுக்காத ராஜா ரசமும் சோறும் கஷாயமும் தண்ணீருமாக உள்ளே தள்ளினார். பண்டிதர் ஒத்தடம் கொடுத்தார். நாலாம் நாள் சிவப்பு தணிந்தது. ஏழாம் நாள் வீக்கம் வடிந்தது. பத்தாம் நாள் ராஜா கோட்டை வாசலுக்கு நடந்தே போய்ச் சம்பந்தியைக் கட்டித் தழுவினார்.

தாலி கட்டி முடிந்ததும் ராஜா கேட்டார். "எங்கே அந்தப் பூவலிங்கம்? அந்தப் பயல் நாடகம் எனக்கு மூணாம் நாளே தெரியும். விரல் வலி குறைஞ்சுதேன்னு சும்மா இருந்தேன். கூப்பிடு, பரிசு கொடுக்கணும்."

இரண்டு பேர் என்னைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள்.

"என்னடா இது?"

பண்டிதர் என் பெருவிரலைத் தொடாமலே பார்த்தார். பிஞ்சுக் கத்தரிக்காய். "ராஜா, உங்களுக்கு இருந்ததேதான்."

ராஜாவின் கண் சுருங்கியது. "டேய், குழியிலே கொட்டச் சொன்ன ஈரலெல்லாம்?"

மறைத்து என்ன பயன்? "குழி வரைக்கும் போகலை, ராஜா. வழியிலே ஒரு புன்னை மரம் இருக்கு. நல்ல நிழல்."

"ஒன்பது நாளுமா?"

"நண்டும்தான், ராஜா. கள்ளும்."

ராஜா சிரித்த சிரிப்பில் தலைப்பாகை அவிழ்ந்து சம்பந்தி மடியில் விழுந்தது. உடனே பண்டிதருக்குப் பொன்னாடை. எனக்கு, பந்தியில் ராஜாவுக்குப் பக்கத்திலேயே தலைவாழை இலை. ஈரல், நண்டு, மொந்தை நிறையக் கள்ளு! என் வாய் ஊறியது.

"இரு," என்றார் ராஜா. நான் உண்டுபார்க்கும்போது உட்காரும் மணையை இழுத்துப் போட்டு, என் இலைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "இத்தனை நாள் எனக்காக நீ உண்டுபார்த்தே. இன்னையிலிருந்து உனக்கு நான்."

ஒரு துண்டு ஈரலை எடுத்தார். உதட்டுக்குக்கூடப் போகவில்லை.

"ஐயோ, கால்!"

ஈரல் போனது. நண்டைப் பார்த்தார். "ஐயோ, கால்!" மொந்தையை மோந்து பார்த்தார். "ஐயோ, ரெண்டு காலும்!"

கடைசியில் முடக்கத்தான் ரசத்தை ஒரு மடக்குக் குடித்தார். முகம் கோணியது. எழுந்தார். மகாராஜா, வெறுந்தலையோடு, ஊரே பார்க்க, குணமான அந்த வலது காலில் பந்தியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"அமிர்தம்டா, பூவலிங்கம்! சாப்பிடு!"