கொல்லைக்கு வந்த ஆமை

கேள்வி கேட்பதில் அம்பலவாணனை மிஞ்ச அந்த ஊரில் ஆளில்லை. வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். அண்டாவும் குண்டானும் ஜமக்காளமும் எப்படிப் போனதோ அப்படியே திரும்பி வந்துவிட வேண்டும் அவருக்கு. கடவுள் விஷயத்திலும் அதே கண்டிப்புதான். திங்கள்கிழமை கேட்ட கேள்விக்குத் திங்கள்கிழமையே பதில் வந்தாக வேண்டும்.

அவருடைய குரு வடிவாம்பாள், அவரைவிட வயதில் மிகவும் இளையவர். குளத்தங்கரையில் தன் குருவின் சமாதிக்குப் பக்கத்தில், ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். யாரையும் தன் சிஷ்யர் என்று சொல்லிக்கொண்டதில்லை. வருகிறவர்களுக்கு மோர் கொடுப்பார், கேட்டால் பேசுவார். பாதி நாள் மோர் மட்டும்தான்.

வழக்கமாகத் திங்கள்கிழமை வருகிற அம்பலவாணன் அந்த வாரம் புதன்கிழமை காலையிலேயே மறுபடியும் வந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளியின் மேல் ஈரத் துண்டு போர்த்தியிருந்தது.

“அம்மா, ஒரு சந்தேகம்.”

வடிவாம்பாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். “உக்காருங்க.”

“தனக்கு நம்பிக்கை இல்லாத ஒரு விஷயத்துக்கு, அடுத்தவங்க மனசுக்காக ஒருத்தன் கட்டுப்பட்டுப் போறான். அது விவேகமா, கோழைத்தனமா?”

“வாளியில என்ன?”

“அதுக்குத்தாம்மா வரேன்.”

“அதுலேருந்தே வாங்க.”

அம்பலவாணன் துண்டை விலக்கினார். ஈர மணலுக்குள் நெல்லிக்காய் பருமனில் வெள்ளை வெள்ளையாய் முட்டைகள் தெரிந்தன.

“ஆமை முட்டை,” என்றார்.

விஷயம் இதுதான். முந்தின நாள் மழை விட்டதும் ஓர் ஆமை வாய்க்கால் வழியாக ஏறி வந்து, அம்பலவாணன் வீட்டுக் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குழி பறித்து முட்டையிட்டுவிட்டுப் போயிருந்தது. வீட்டுக்கு ஆமை வந்தால் கெடுதல் வரும் என்று அந்தப் பக்கத்தில் பலருக்கும் பயம் உண்டு. அவர் மனைவி மங்கையர்க்கரசிக்குப் பயம் அவ்வளவாக இல்லை. ஆனால் பார்த்ததைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. மகள் நித்திலாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். நித்திலா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். பக்கத்தில் அவள் மாமியார் கோமளவல்லி உட்கார்ந்திருந்தார்.

நித்திலாவுக்கு இது தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்துவிட்டது. வியாழக்கிழமை தாய்வீட்டுக்கு அழைத்து வருவதாக நாள் பார்த்து வைத்திருந்தார்கள். கோமளவல்லி போனை வாங்கி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். அந்த வீட்டுக்கு நிறைமாசக்காரியை அனுப்ப முடியாது, பிரசவம் இங்கேயே ஆகட்டும். அதற்குப் பிறகு நித்திலா பேசினாள். பேசினாள் என்று எங்கே சொல்வது, அழுதாள். அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

“பொண்ணு அழுததைக் கேட்டதுக்கப்புறம் சாப்பாடு எறங்கலம்மா,” என்றார் அம்பலவாணன். “எனக்கு இதுலெல்லாம் துளி நம்பிக்கை கிடையாது, உங்களுக்கே தெரியும். ஆனா முட்டையை எடுத்தாச்சு, வீட்டைக் கழுவி விட்டாச்சுன்னு சொன்னா சம்பந்தியம்மா சமாதானம் ஆயிடுவாங்க. விடிஞ்சதும் கையாலயே பதமா எடுத்தேன். முட்டையை உங்க கொல்லையில பொதைச்சிடலாம். குளமும் கிட்ட இருக்கு. யாருக்கும் நஷ்டமில்ல.”

“அப்ப சந்தேகம் எப்ப வந்துச்சு?”

அவர் துண்டை மறுபடியும் வாளியின் மேல் இழுத்து விட்டார்.

“தோண்டும்போது,” என்றார்.

வடிவாம்பாள் கீரையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். “ஸ்கூட்டர்லதானே வந்தீங்க? கெளம்புங்க. உங்க சம்பந்தி வீட்டுக்குப் போவோம்.”

“இதை எடுத்துக்கிட்டா?”

“அவங்களுக்காகத்தானே தோண்டுனீங்க? காட்ட வேண்டாமா?”

அம்பலவாணனுக்கு அது சரியென்றும் பட்டது, சரியில்லையென்றும் பட்டது. வண்டியைக் கிளப்பினார். வடிவாம்பாள் பின்னால் உட்கார்ந்து வாளியை மடியில் வைத்துக்கொண்டார். வேகத்தடை வந்தபோதெல்லாம் “மெதுவா” என்றார். அடுத்த ஊர் வரைக்கும் குரு அருளிய உபதேசம் அவ்வளவுதான்.

கோமளவல்லி வாசலுக்கே வந்து வரவேற்றார். குளத்தங்கரை அம்மாவை அவருக்கும் தெரியும். நாற்காலி போட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு வாளியைப் பார்த்தார்.

“ஒரு ஒத்தாசை வேணும்,” என்றார் வடிவாம்பாள். “இதை உங்க கொல்லையில கொஞ்ச நாள் வச்சுக்கணும்.”

“என்னம்மா இது?”

அம்பலவாணன் துண்டை எடுத்தார். கோமளவல்லி ஓரடி பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டார்.

“யாரு தோண்டுனது?”

“நான்தான் சம்பந்தியம்மா. ஒண்ணுகூட ஒடையல. உங்க மனசுக்குச் சங்கடம் வேணாம்னுதான். வீட்டையும் கழுவி விட்டாச்சு. இனிமே நித்திலாவை அனுப்பறதுல...”

“நான் தோண்டச் சொன்னேனா?”

அம்பலவாணன் கையிலிருந்த துண்டை மடிக்க ஆரம்பித்தார்.

“எனக்குப் பயம் சம்பந்தி. இல்லன்னு சொல்லல. மூத்த மருமக வயித்துல இருந்தது கைக்கு வராமப் போனதைக் கிட்ட இருந்து பாத்தவ நான். எதைக் கேட்டாலும் எனக்கு அதுதான் ஞாபகம் வருது. அதனால அனுப்ப மாட்டேன்னு சொன்னேன். அதுக்காக, ஒரு வாயில்லாச் சீவன் வயித்தைத் தூக்கிக்கிட்டு வந்து எறக்கி வச்சிட்டுப் போனதை வெளிய அள்ளச் சொல்லுவேனா?”

“நம்பாதவன் நான், உங்களுக்காகத்தான்...”

“நம்புறவ நான் அது கிட்டயே போயிருக்க மாட்டேன். நம்பாத நீங்கதான் கை வச்சிருக்கீங்க.”

அம்பலவாணன் குருவைப் பார்த்தார். வடிவாம்பாள் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். அவசரமில்லாமல் குடித்தார்.

“ஆமை வந்துட்டுப் போன வீடுன்னா தண்ணி ஊத்திக் கழுவிடலாம்,” என்றார் கோமளவல்லி. “புள்ளைத்தாச்சிக்கு எடமில்லன்னு சொன்ன வீட்டுக்கு எம் மருமகளை எப்படிங்க அனுப்புவேன்?”

மகளை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அம்பலவாணன் செய்த காரியம் மகளை இன்னும் தூரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டது. கேட்க ஒரு கேள்விகூட அவருக்கு அகப்படவில்லை.

உள்ளே இருந்த நித்திலா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு மெல்ல வந்தாள். குனிய முடியவில்லை. நின்றபடியே வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“எங்க போட்டிருந்துச்சுப்பா?”

“துவைக்கிற கல்லு பக்கத்துல.”

“அங்க வெயில் நல்லா விழும்,” என்றாள். “திரும்ப அங்கயே வச்சிடலாமாப்பா?”

“வச்சா சரியாயிடுமாம்மா?”

“எனக்கென்ன தெரியும்? இதுக்குள்ள கெடக்கறதுக்கு அது மேல்.” மாமியார் பக்கம் திரும்பினாள். “அத்தை, நான் போய் வைக்கிறேனே.”

கோமளவல்லி மூக்கைச் சிந்தினார். சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தார். “நாளைக்கில்ல நாள் குறிச்சிருக்கோம்?”

“நாளைக்கு வரைக்கும் இதுங்க வாளியிலயா இருக்கணும்?” என்று வடிவாம்பாள் கேட்டார். கோபமில்லாமல், ஏதோ விவரம் கேட்கிற மாதிரி கேட்டார்.

கோமளவல்லி உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் நித்திலாவின் துணிப்பை இருந்தது. அதன் மேல் ஒரு முழம் பூ.

“ஆட்டோவைக் கூப்பிடுங்க சம்பந்தி. நானும் வரேன்.”

பெண்கள் மூன்று பேரும் ஆட்டோவில் போனார்கள். அம்பலவாணன் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார். வீட்டு வாசலில் எல்லோரும் இறங்கும்போதுதான் கவனித்தார். வாளி கோமளவல்லியின் மடியில் இருந்தது.

மங்கையர்க்கரசி மகளைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டார். யார் என்ன சொன்னார்கள், எப்படி அனுப்பினார்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. கொல்லைக் குழியை அவர் மூடாமலே விட்டிருந்தார். மேலே ஒரு கூடை கவிழ்த்திருந்தது.

“மூடிடுன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?” என்றார் அம்பலவாணன்.

“கை வரல,” என்றார் மங்கையர்க்கரசி.

நித்திலா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து வாளியைப் பிடித்துக்கொண்டாள். கோமளவல்லி புடவையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். முதல் முட்டையைத் தொடுமுன் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். ஒவ்வொன்றாக வாங்கிக் குழிக்குள் வைத்தார். அம்பலவாணன் உதவிக்குப் பக்கத்தில் வந்தார்.

“நீங்க தள்ளி நில்லுங்க,” என்று மனைவியும் மகளும் சம்பந்தியும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர் தள்ளி நின்றார். அங்கிருந்து பார்த்தால் மண் மூடுவது மட்டும்தான் தெரிந்தது.

நாய் கீறாமல் இருக்க மேலே கருவை முள் வெட்டிப் போட்டார்கள். அந்த வேலை மட்டும் அம்பலவாணனுக்குக் கிடைத்தது. சாப்பாடு முடிந்து புறப்படும்போது கோமளவல்லி மங்கையர்க்கரசியின் கையைப் பிடித்துக்கொண்டார். “பாத்துக்கங்க,” என்றார். பிறகு கொல்லைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு ஆட்டோவில் ஏறினார். பயம் போய்விட்டதா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தால் போனதாகத் தெரியவில்லை.

வெயில் தாழ்ந்ததும் அம்பலவாணன் குருவைக் குளத்தங்கரையில் கொண்டுவந்து விட்டார். காலையில் கேட்ட கேள்வி அவருக்கே மறந்துபோயிருந்தது. அதன் இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது.

“அம்மா, அந்த முட்டையெல்லாம் பொரிக்குமா?”

“தெரியல.”

அவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார்.

“எம் பொண்ணுக்கு நல்லபடியா ஆயிடுமா?”

“தெரியல.”

இத்தனை திங்கள்கிழமைகளில் வடிவாம்பாள் அந்த வார்த்தையைச் சொல்லி அவர் கேட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

“எதுவும் தெரியாம நான் எப்படிம்மா ராத்திரி தூங்குவேன்? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. நான் என்ன செய்யணும்?”

வடிவாம்பாள் படலைத் திறந்து உள்ளே போனார். திரும்பி நின்று அவரைப் பார்த்தார்.

“தோண்டிப் பாக்காம இருங்க.”